பிரிட்ஜ் பிக்கப் தேடிய நாட்கள்

ஜூன் 2

நேற்றைய ஒத்திகைப் பதிவை இரண்டு முறை கேட்டேன். தனியாக வாசிக்கும்போது அறையையே நிறைக்கும் என் கிட்டார், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் எங்கோ அமுங்கிப்போகிறது. சத்தம் இருக்கிறது, குரல் இல்லை.

நான் தேடுவது 1960களின் பிற்பகுதியில் வந்த ப்ளூஸ்-ராக் ஒலி. மெல்லத் தொட்டால் கணீரென்று பேச வேண்டும், அழுத்தி மீட்டினால்தான் கரகரக்க வேண்டும். தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பாகம்தான் பிக்கப். என் கிட்டாரில் கழுத்துப் பக்கம் ஒன்று (நெக்), தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் ஒன்று. அந்தப் பிரிட்ஜ் பிக்கப்போ எப்படித் தொட்டாலும் உறுமுகிறது. வால்யூமைக் குறைத்தால் உறுமல் போய்க் கம்மல் வருகிறது.

மல்டிமீட்டர் வைத்து மின்தடையைப் பார்த்தேன். நெக் 7.9 கிலோ ஓம், பிரிட்ஜ் 15.2. பிரிட்ஜில் இருப்பது செராமிக் காந்தம். ஹெவி மெட்டல் இசைக்கு உகந்த பிக்கப் இது. மாற்றத்தான் வேண்டும்.

ஜூன் 5

மூன்று நாளாகப் பழைய கிப்ஸன் ஹம்பக்கர்களைப் பற்றித்தான் படிக்கிறேன். இரைச்சலை அடக்க இரண்டு சுருள்களைச் சேர்த்த பிக்கப் அது. கிப்ஸனின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்து, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கிப்ஸனின் லெஸ் பால் கிட்டாரில் 1957இல் வந்தது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற ஒட்டுத்தாள் அடியில் இருந்ததால் அதன் ஆங்கில முதலெழுத்துகளான பி.ஏ.எஃப். என்பதே பெயராகிவிட்டது. காப்புரிமை 1959இல் கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே தாளைத்தான் ஒட்டினார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது அவற்றைச் சுற்றிய விதம். எனாமல் பூசிய 42ஆம் எண் செப்புக் கம்பி, ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5000 சுற்று. சுற்றும் இயந்திரம் சரியான எண்ணிக்கையில் தானாக நிற்காது என்பதால் ஒரே பிக்கப்பின் இரண்டு சுருளும் சமமாக அமைவதில்லை. மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை எங்கும் நிற்கும். காந்தமும் அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை) 2, 3, 4, 5 என்று கைக்குக் கிடைத்தது. சுருள்கள் சமமில்லாததால் இரைச்சல் முழுதாக அடங்காது, ஆனால் மேல்ஸ்தாயியில் ஒரு தெளிவு கிடைக்கும். அந்தத் தெளிவைத்தான் நான் பதிவுகளில் காதால் தேடிக்கொண்டிருந்தேன் என்று இன்றுதான் புரிந்தது.

அவை ஆம்பை (ஒலிபெருக்கியை) திணறடிக்கும் பிக்கப்களே அல்ல. சத்தத்தை முழுதாகக் கூட்டிய ஆம்ப்தான் கரகரத்தது. பிக்கப் விரலின் சேதியை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜூன் 8

ஓம் கணக்கை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அதே சுற்றுகளை இன்னும் மெல்லிய 43ஆம் எண் கம்பியில் சுற்றினால் ஓம் ஏறிவிடும். அந்த ஏற்றத்தால் மட்டும் ஒலி பலமாகிவிடாது. ஒரு சோதனையும் செய்தேன். சூடான ஆம்பின் மேல் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் அதே பிரிட்ஜ் 15.7 காட்டுகிறது. செப்பின் மின்தடை 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் கூடும். விளம்பரத்தில் 8.1, 8.3 என்று போட்டிருப்பதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காந்தம் எது, கம்பி எது, சுருள்கள் சமமா என்று கேட்க வேண்டும்.

ஜூன் 9

வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. வால்யூம் பாட்களின் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகளின்) முதுகில் 300 கிலோ ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. மதிப்பு குறையக் குறைய மேல்ஸ்தாயிதான் முதலில் மங்கும். இரண்டையும் 500 ஆக்கினேன். டோன் கெப்பாசிட்டரை (0.022 மைக்ரோ ஃபாரட்) வால்யூம் பாட்டின் உள்வரும் காலிலிருந்து எடுத்து, வெளியேறும் காலில் பற்றவைத்தேன். ஐம்பதுகளின் வயரிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது வால்யூமைக் குறைத்தாலும் ஒலி மூடிக்கொள்வதில்லை.

நெக் பிக்கப் போர்வையை உதறி எழுந்ததுபோல் இருக்கிறது. அதையும் மாற்ற நினைத்திருந்தேன், இனித் தேவையில்லை. பிரிட்ஜ் மட்டும் இன்னும் உறுமுகிறது.

ஜூன் 14

நாலைந்தை ஒப்பிட்டுக் கேட்டேன். பிக்கப் தயாரிப்பாளரான சீமோர் டங்கனின் ‘59’ அல்னிகோ 5. அடிஸ்தாயி இறுக்கமாக, மேல் பளிச்சென்று இருக்கும். அவர்களின் ‘சேத் லவர்’ அல்னிகோ 2, மெழுகில் ஊறவைக்காதது (கீச்சிடாமல் இருக்கச் சுருளை மெழுகில் ஊறவைப்பது வழக்கம்). காற்றோட்டமான ஒலி, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் தெரிகிறது. கிப்ஸனின் ‘57 கிளாசிக்’கும் அல்னிகோ 2தான், ஆனால் சுருள்கள் சமம், கொஞ்சம் வழுவழுப்பு. ‘பர்ஸ்ட்பக்கர்’ வேண்டுமென்றே சமமில்லாத சுருள்களோடு வருவது.

பளிச்சென்ற ஆம்ப் வைத்திருப்பவருக்கு அல்னிகோ 2 இதம். ஆம்பே மந்தமானால் 5 நல்லது. என் ஆம்ப் பளிச்சென்றது. தனியாகக் கையால் சுற்றித் தருபவர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன்: அல்னிகோ 2, 42ஆம் எண் கம்பி, சமமில்லாத சுருள், மெழுகு வேண்டாம், நிக்கல் சில்வர் மூடி. பித்தளை மூடி மேல்ஸ்தாயியைத் தின்றுவிடும்.

ஜூன் 21

வந்தது. பொருத்தினேன். பிரிட்ஜ் மட்டும் வாசித்தபோது மெய்சிலிர்த்தது. நெக்கும் அருமை. இரண்டும் சேர்ந்து ஒலிக்கச் சுவிட்சை நடுவில் வைத்தேன், ஒலி மெலிந்து மூக்கால் பேசியது.

திசைகாட்டியைக் கொண்டுவந்து இரண்டின் மேலும் பிடித்தேன். திருகு வரிசையின் மேல் ஒன்றில் முள் வடக்கைக் காட்டியது, மற்றதில் தெற்கை. வெவ்வேறு கைகளிலிருந்து வந்த பிக்கப்கள் எதிரெதிர்க் காந்தமுனை கொண்டிருப்பது சாதாரணம். சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் சிக்னலை மற்றது தேய்த்துவிடும். கேட்டு வாங்காதது என் தவறு. இரண்டிலிருந்தும் வருவது பின்னல் கவசம் போட்ட ஒற்றைக் கம்பி. கவசம்தான் தரையிணைப்பு என்பதால் வயரை மாற்றிப் போட்டால் உலோக மூடியில் சிக்னல் ஓடி இரைச்சல் வரும். காந்தத்தைத்தான் புரட்ட வேண்டும்.

இன்று புரட்டவில்லை. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் நடு நிலையின் அந்த அழுகை, நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததால் வந்தது. இரண்டு வால்யூமையும் சற்றே மாற்றி மாற்றி வைத்து மெதுவான மைனர் ப்ளூஸ் ஒன்றை ஒரு மணி நேரம் வாசித்தேன். விட மனம் வரவில்லை.

ஜூன் 23

புரட்டிவிட்டேன். எங்கள் பாட்டுகளில் பாதிக்கு நடு நிலையில் சதைப்பற்றுள்ள தாளம் வேண்டும். நெக் பிக்கப்பின் அடியில் நான்கு திருகையும் தளர்த்தி, காந்தத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி எடுத்து, புரட்டிச் செருகினேன். தலைமயிர் போன்ற சுருள் கம்பி அறுந்தால் எல்லாம் முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன்.

ஜூன் 28

முதல் ஒத்திகை. மெழுகில்லாததால் ஆம்புக்கு நேராக நின்றால் கீச்சிடுகிறது. இரண்டடி விலகி, கிட்டாரைச் சற்றே திருப்பினால் அடங்குகிறது. ஊறவைக்கச் சொன்ன நண்பரிடம் மாட்டேன் என்றேன். மரத்தை விரலால் தட்டினால்கூடக் கேட்கிற அந்த உயிர்ப்புக்காகத்தான் இதை வாங்கினேன்.

உயரம்தான் கடைசி வேலை. கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்து அளந்து, பிரிட்ஜை 1.6 மி.மீ. இடைவெளியில் நிறுத்தினேன். நெக்கை 2.4இல் தொடங்கி 3.5 வரை இறக்கிய பிறகே இரண்டும் ஒரே பலத்தில் பேசின. இறங்க இறங்க நெக்கின் அடிஸ்தாயி தெளிந்தது.

ஆம்பின் கெயினை முன்பைவிட நன்றாகக் கூட்டியிருக்கிறேன். கிட்டாரின் வால்யூம் 6இல் சுத்தம், 9இல் கரகரப்பு. பாட்டின் நடுவே பெடலை மிதிக்காமல் சுண்டுவிரலால் வால்யூமை மட்டும் திருப்பினேன். டிரம்மர் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 1

பதிவு வந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு சுரத்தை வளைத்துவிட்டு விரலை எடுக்கும் இடத்தில், தந்தி விரலை விட்டு விலகும் சிறு சத்தம்கூட டிரம்ஸுக்கு நடுவே கேட்கிறது.