அவுட்பாக்ஸில் தங்கிய கடிதம்

இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியதிலிருந்து, அப்பாவின் கணினிக்கு மின்னஞ்சல்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தாலும், ஓய்வூதியம் தொடர்பாக அவர் எழுதிய கடிதம் மட்டும் மூன்று நாள்களாக அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்கள் தங்கும் அவுட்பாக்ஸிலேயே கிடந்தது. கடவுச்சொல்லில் பிழையில்லை. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தபோதுதான், அனுப்பும் சர்வராகப் பழைய நிறுவனத்தின் முகவரியே போர்ட் 25 உடன் (போர்ட் என்பது இணைப்பு செல்லும் வழியின் எண்) இருப்பது தெரிந்தது. தன் வலையமைப்புக்கு வெளியிலிருந்து அனுப்பப்படும் அஞ்சலைப் பழைய சர்வர் ஏற்கவில்லை. தவிர, எரிதங்களை (ஸ்பேம் அஞ்சல்களை) தடுக்கவென்று வீட்டு இணைப்புகளில் போர்ட் 25-ஐப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன (அது நியாயமான ஏற்பாடுதான்). ஆகவே அப்பாவின் அஞ்சல் கணக்கு எந்தச் சேவையில் இருக்கிறதோ அதன் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் சர்வர்) முகவரியை இட்டு, போர்ட்டை 587 ஆக்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப் பாதுகாப்பையும் கடவுச்சொல் சரிபார்ப்பையும் தேர்ந்தெடுத்தேன். 587 இணையாவிட்டால், 465-ஐ எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்கத் தேர்வுடன் முயன்று பாருங்கள். அவுட்பாக்ஸ் காலியானதும், அப்பா கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அனுப்பிய நேரத்தை இருமுறை வாசித்தார்.