அம்மா உட்கார்ந்தே நடந்த 6,120 அடி

போன மாதம் முக்கூடலுக்குப் போனபோது அம்மாவுக்கு, கையில் கட்டினால் நடக்கிற அடியை எண்ணும் ஸ்மார்ட் பேண்ட் ஒன்று வாங்கிப் போனேன். இடது கையில் கோயில் கயிறு, அதை அவிழ்க்க மாட்டாள். வலது கையில் மாட்டிவிட்டேன்.

திருப்பிப் பார்த்துவிட்டு, "எய்யா, அடியில பச்சையா மினுங்குதே, அட்ட மாதிரி ரத்தத்த உறிஞ்சிருமோ?" என்றாள். அட்டை இல்லை, வெளிச்சம்தான். ரத்தம் பச்சை வெளிச்சத்தை விழுங்கும். துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வருகிற வெளிச்சமும் மாறும். அதை வைத்து நாடி எண்ணுகிறது. அந்த வேலையை உருப்படியாகவே செய்தது.

மறுநாள் காலை பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிக்கணும், தூள் வைத்துச் சுருட்டணும், முனையை மடக்கணும், நூல் கட்டணும். மத்தியானம் பேண்டைப் பார்த்தால் 6,120 அடி! வாசலைக்கூடத் தாண்டவில்லை.

உள்ளே இருக்கிற முடுக்கமானிக்குக் கை அசைவது மட்டும்தான் தெரியும். அது நடையா, ஓட்டமா, தூக்கமா என்று தீர்ப்புச் சொல்வது, யார் யாரோ நடந்ததையும் ஓடியதையும் காட்டிப் பழக்கிய கணக்கு. பட்டியலில் நீச்சல் இருக்கிறது, யோகா இருக்கிறது. சில வாட்சுகளில் கோல்ஃப்கூட உண்டு. பீடி சுற்றுவது கிடையாது. கத்திரி ஒரே தாளத்தில் ஓட, தனக்குத் தெரிந்ததில் நடைதான் கிட்ட வருகிறது என்று எழுதிக்கொண்டது.

சாயங்காலம்தான் பெரிய கூத்து. தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வலது இடுப்பில் குடத்தோடு ஆறு நடை. குடத்தை அணைத்த கை வீசுமா? ஏறினது நூறு அடிகூட இல்லை. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து, எழுந்து கொஞ்சம் நடங்கள் என்று அதிர்ந்தது. எனக்கே கையிலிருந்து பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

தினம் 10,000 அடி என்கிற இலக்கும் டாக்டர் அளந்து கொடுத்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. அம்மாவுக்குத் தெரிந்த இலக்கு ஆயிரம் பீடி. அதை எண்ண இந்தப் பேண்டுக்குத் தெரியாது.

கழற்றிவிடவா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்யா. ஆறாயிரம் நடந்தாச்சுன்னு அதுவே சொல்லுதுல்லா? இனி சாயந்தரம் நடக்கப் போம்மான்னு என் உயிர வாங்காத."