அம்மாவின் கணக்கில் விடுபட்ட அரை மணி

அம்மா தனியாக விமானம் ஏறுவது இதுதான் முதல் முறை. திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றே தொலைபேசியில் சண்டை. இரவு 9.25-க்குப் புறப்பட்டு அதிகாலை 4.10-க்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் விமானம் அது. "ஏழு மணி நேரம் உட்கார என் முழங்கால் தாங்காது, தம்பி" என்றார்.

ஏறுவது இந்திய நேரம், இறங்குவது சிங்கப்பூர் நேரம் என்று விளக்கினேன். விரல்விட்டு எண்ணியவர், "அப்படியானால் நாலே முக்கால் மணி நேரம்" என்றார். என் கணக்கில் நாலே கால்தான். "சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி முன்னால். உன் தாத்தா கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்" என்று ஒரே பிடிவாதம்.

தாத்தா எழுபதுகளில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் எழுதியதிலும் தவறில்லை. அப்போது சிங்கப்பூர் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது, இந்தியா ஐந்தரை. 1982 புத்தாண்டு பிறந்தபோதுதான் மலேசியாவோடு சேர்ந்து இங்கே சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள்; வித்தியாசம் இரண்டரை மணி ஆனது. தாத்தா அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் பழைய சிங்கப்பூர் நேரமே தங்கிவிட்டது.

அம்மா மசியவில்லை. சரி, தூரத்தை வைத்தே காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வடக்கு தெற்காக ஒன்பதரை பாகை, கிழக்கு மேற்காக இருபத்தைந்தே கால் பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்பதால் பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று இரண்டு பக்கமும் வைத்துப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 3,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. பூமியின் வளைவையும் சேர்த்தால் 2,980 சுமார். உயரே போனபின் மணிக்கு 830 கிலோமீட்டர் என்றால் மூன்றரை மணிக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் கூட்டினால் நாலே கால்.

"சென்னையிலிருந்து ஏறினால் கிட்டவாக இருக்குமே?" என்று அடுத்த கேள்வி. அதையும் போட்டுப் பார்த்தேன்: 2,930. சென்னை கிழக்கே தள்ளியிருப்பதில் கிடைக்கும் லாபத்தை, அது வடக்கே இருப்பது தின்றுவிடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் மிச்சத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போவானேன்?

சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் கட்டணமே இல்லை. நான் அவசரத்தில் பணம் கேட்கும் வேறொரு தளத்துக்குப் போய், வங்கி அட்டையின் எண்ணைக்கூடத் தட்டத் தொடங்கிவிட்டேன்.

அந்த அதிகாலை நேரத்தில் எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஓடாது. நான் இருக்கும் ஈசூனிலிருந்து டாக்சி பிடித்துப் போய்க் காத்திருந்தேன். 4.50-க்கு அம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முழங்காலைப் பற்றிக் கேட்பதற்குள் கையை நீட்டினார். "விமானத்திலேயே கடிகாரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றிவிட்டேன்."

அதில் மணி 4.20.