சட்டையைக் கழட்டிப் பார்

விலங்கியல் சேர் காலமான செய்தி லண்டனுக்கு வந்ததும், இலங்கையில் நம் பள்ளிக்குப் பின்னால் ஓடிய ஆறும் வெள்ளைத் தட்டும் பத்து மடங்கு கைவில்லையும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். கேடிஸ் ஈயின் குடம்பியை, அதாவது நீருக்குள் வாழ்ந்து பெரும்பாலும் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் அதன் புழுப் பருவத்தை, இனங்காண அவர் பழக்கிய முறையைப் பழைய மாணவர் மலரில் பதிந்து வைப்பதே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.

கூட்டைப் பார்த்துப் பெயர் சொன்னால் சேர் புள்ளி போடமாட்டார். மணல், சருகு என்று கிடைப்பதைப் பொறுத்துக் கூடு மாறும்; குடம்பி வளர வளரவும் மாறும். “அது சட்டை. கழட்டிப்போட்டு ஆளைப் பார்” என்பார். நத்தை ஓடு போலச் சுருண்ட மணற்கூட்டைக் கண்டு, 1834இல் அமெரிக்க நத்தை ஆய்வாளர் ஐசக் லீ அதை ஒரு நத்தை என்றே எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்.

முன்புறமாக இழுத்தால் உடல் அறுந்துவிடும்; வயிற்று நுனிக் கொக்கிகள் கூட்டின் உட்புறப் பட்டு நூற்படலத்தை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும். பின் துளைக்குள் மழுங்கிய ஊசியை விட்டு மெல்லத் தள்ள வேண்டும். வெளியே வந்ததும் அந்தக் கொக்கிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பின்கால்கள் (வயிற்று நுனிப் பொய்க்கால்கள்) இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. வயிற்றின் நடுவிலும் பொய்க்கால்கள் தெரிந்தால் அது நீரில் வாழும் அந்துப்பூச்சியின் புழு.

அடுத்தது நெஞ்சறை. முதல் துண்டத்தின் முதுகில் எப்போதும் கெட்டியான தகடு உண்டு; மற்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரலாம். மூன்றிலும் தகடு, வயிற்றின் அடியில் கிளைவிட்ட பூக்கள் (செவுள்கள்), பின்கால் நுனியில் மயிர்க்கற்றை என்றால் கல்லிடுக்கில் வலை கட்டும் ஹைட்ரோப்சைக்கிடே குடும்பம். மூன்று தகடு இருந்தும் பூக்கள் இல்லாமல், 6 மில்லிமீற்றருக்குள் வயிறு உப்பியிருந்தால் ஹைட்ரோப்டிலிடே. அதைக் குஞ்சு ஹைட்ரோப்சைக்கிடே என்று எழுதாதவர்கள் நம் வகுப்பில் குறைவு. முதல் துண்டத்தில் மட்டும் தகடு, மேலுதடு வெண்மையாக ‘T’ வடிவில் விரிந்திருந்தால் பிலோபொட்டாமிடே. மதுசாரத்தில் இட்டபின் அந்த உதடு தலைக்குள் ஒடுங்கிவிடும். ஊசிமுனையால் வெளியே எடுக்காமல் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. கூடு சுமப்பவற்றில் உணர்கொம்பைத் தேட வேண்டும்: கண்ணை ஒட்டியிருந்தால் லெபிடோஸ்டோமாட்டிடே, நீண்டு தாடையருகே இருந்தால் லெப்டோசெரிடே.

குடம்பியைப் பாதுகாக்கும் மதுசாரம் 80 வீதம். உடலின் நீர் கலந்து அது ஐதாகிவிடுவதால் மறுநாளே மாற்ற வேண்டும். பென்சிலால் எழுதிய சீட்டு போத்தலுக்கு உள்ளே.

இத்தனையும் குடும்பம் வரைக்கும்தான். பூச்சியியலாளர் பெர்னாண்ட் ஷ்மிட் 1958இல் வெளியிட்ட இலங்கை இனங்களின் பெயர்கள் வளர்ந்த ஈக்களைப் பார்த்து வைத்தவை. பிரித்தானியாவின் ஏறத்தாழ 200 இனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடம்பியை இனங்காட்டும் கையேடுகள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இலங்கையில் குடம்பியையும் ஈயையும் இணைக்க, முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவைக் கூட்டோடு எடுக்க வேண்டும். கழன்ற குடம்பித் தகடுகள் பெரும்பாலும் அதே கூட்டின் அடியில் கிடக்கும். கூட்டுப்புழு முதிரச் சில வாரங்கள் ஆகும். வாரந்தோறும் அந்த ஆற்றில் இறங்கிப் பார்க்க நம்மில் ஒருவரும் அங்கே இல்லை.