எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏற: பெரியவர்களை ரயில் மாற்றிவிட்ட அனுபவம்

தென் மாவட்டங்களிலிருந்து சென்னை வழியாக வடக்கே போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலும் இறங்குவது எழும்பூரில், ஏறுவது சென்ட்ரலில். நடுவில் இருப்பது சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். தோளில் ஒரே ஒரு பையோடு வரும் இளைஞனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எழுபதைத் தாண்டியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மூட்டைகள் எல்லாம் சேர்ந்துவிட்டால் அந்த இரண்டு கிலோமீட்டருக்கென்று தனியாகத் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அத்தை, அத்தையின் பேரன் என்று நாலு பேர் மேற்கு வங்கத்துக் கரக்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணனுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூர் வந்து, காலை 7 மணிக்குச் சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். டிக்கெட் போட்டது அண்ணன். மாற்றிவிடும் பொறுப்பு சென்னையில் இருக்கிற எனக்கு.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெரியப்பாவிடம் போனில் பேசினேன். அவருக்கு டிக்கெட்டைப் பார்த்தே குழப்பம். ஒன்றில் எம்.எஸ். என்று இருக்கிறது, இன்னொன்றில் எம்.ஏ.எஸ். என்று இருக்கிறது, அச்சுப் பிழையோ என்று கேட்டார். எம்.எஸ். என்றால் எழும்பூர், எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதோடு, சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தபிறகு டிக்கெட்டிலும் அந்தப் பெயர் வருகிறது. "எம்.ஜி.ஆர். ஸ்டேஷன்னு போட்டிருக்கு, நாம சென்ட்ரலுக்குல்லப்பா போகணும்?" என்று அத்தை பின்னாலிருந்து கேட்டது எனக்கே கேட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, ஒரு தாளில் 'இறங்குவது எழும்பூர், ஏறுவது சென்ட்ரல்' என்று பெரிதாக எழுதி இரண்டு ரயில் எண்களையும், பெட்டி, படுக்கை எண்களையும், என் போன் நம்பரையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாள் பேரனிடம் மட்டும் இல்லாமல் நாலு பேரிடமும் ஒவ்வொன்று இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கூட்டத்தில் பிரிந்துபோவது எப்போதும் போன் இல்லாத ஆளாகத்தான் இருக்கும்.

அடுத்து கேட்டது, மூட்டையில் என்ன இருக்கிறது என்று. இதைக் கேட்காமல் யாரும் வழியை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. பெரியம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அரிசி, ஊறுகாய், வடகம், குழந்தைக்குப் பழைய நூல் சேலைகள், அப்புறம் ஓர் அருவாமனை. "அங்க நல்லதா கிடைக்காதாம்ய்யா, உங்க மதினி கேட்டா" என்றார். அருவாமனை என்றதும் மெட்ரோ கிடையாது என்று முடிவாகிவிட்டது. மெட்ரோ நுழைவாயிலில் பைகளை ஸ்கேன் செய்வார்கள். கத்தி, அரிவாள் மாதிரி வெட்டும் பொருள்களைக் கொண்டுபோக விட மாட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று யாரிடமும் மன்றாட முடியாது.

ஆக, என்னென்ன வழி இருக்கிறது என்று யோசித்தேன். மெட்ரோவில் எழும்பூருக்கு அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். மின்சார ரயிலில் கடற்கரை பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பூங்கா, அங்கிருந்து சாலையின் அந்தப் பக்கம்தான் சென்ட்ரல். இதுதான் மிகவும் மலிவு, 5 ரூபாய். ஆனால் பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். எழும்பூரில் மின்சார ரயில் நிற்கும் நடைமேடைகள் பின்பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கின்றன. அதுவரை போவதற்கு மேம்பாலப் படி, பூங்காவில் இறங்கியபிறகு படி, சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை. இடையில் வண்டியில் உட்காரும் நேரத்தைவிட ஏறி இறங்கும் நேரம் அதிகம். மிச்சம் இருப்பது ஆட்டோவும் டாக்சியும். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாலை காலியாக இருக்கும். சரி, போகும்போது ஆட்டோ என்று தீர்மானித்தேன். ஐந்து பேர், ஒன்பது உருப்படி என்பதால் இரண்டு ஆட்டோ.

அன்று மூன்று மணிக்கே எழுந்து, ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். விழுப்புரத்தை நேரத்துக்குத் தாண்டிவிட்டால் பாதி நிம்மதி. செங்கல்பட்டும் தாண்டியதும் பேரனுக்குப் போன் செய்து, "தாம்பரத்துல எல்லாரையும் எழுப்பி விடு, மாம்பலம் வரும்போது மூட்டை எல்லாம் கதவுப் பக்கம் வந்திருக்கணும்" என்றேன். ஒருவேளை ரயில் தாமதமாகி கோரமண்டல் போய்விட்டால் மாலையில் ஹவுரா மெயில் இருக்கிறது, அதில் இடம் கிடைக்குமா என்றும் முந்தின நாளே அண்ணனைப் பார்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். அது தேவைப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்ற தெம்பு, அந்த அதிகாலையில் என் குரலில் பதற்றம் தெரியாமல் காப்பாற்றியது. நாம் பதறினால் பெரியவர்கள் இரண்டு மடங்கு பதறுவார்கள்.

உள்ளே போக பிளாட்பாரம் டிக்கெட் வேண்டும். 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும், அந்த ஸ்டேஷனுக்கு மட்டும். எழும்பூருக்கு ஒன்று, சென்ட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு எடுக்க வேண்டியிருந்தது.

பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராகவே காத்திருந்தேன். வண்டி நின்றதும் முதலில் ஆட்கள் இறங்கட்டும், மூட்டைகளைக் கடைசியில் நான் ஏறி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழும்பூர்தான் கடைசி நிறுத்தம், அவசரமே இல்லை. ஆனாலும் இடைநிலை ஸ்டேஷன் மாதிரி முண்டியடித்து இறங்குவார்கள், அதில்தான் முழங்கால் பிசகும். இறங்கியதும் உருப்படிகளை அத்தை சத்தமாக எண்ணினார். ஒன்பது. ஒவ்வோர் இடத்திலும் எண்ணுவது அவர் வேலை என்று முன்பே ஒப்படைத்திருந்தேன், பத்தாவதாக என் பையையும் சேர்த்துக்கொண்டார்.

போர்ட்டரிடம் எந்த வாசல் வரை, எத்தனை உருப்படி, எவ்வளவு கூலி என்று தூக்குவதற்கு முன்பே பேசிவிட்டேன். அரிசி மூட்டையையும் பெரிய பெட்டியையும் அவர் எடுத்துக்கொண்டார். பெரியம்மாவை லிப்ட் பக்கம் நான் கூட்டிப் போனேன். இந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பது சரியில்லை. பெரியப்பா அரிசி மூட்டையைத் தானே தூக்குவேன் என்றுதான் கை வைத்தார். கோரமண்டலில் ஒரு நாளுக்கும் மேல் உட்கார வேண்டிய உடம்பு அது, விடவில்லை.

ஒரு ஆட்டோவில் பெரியம்மா, அத்தை, பேரன். இன்னொன்றில் நானும் பெரியப்பாவும், கனமான மூட்டைகளும். இரண்டு வண்டியிலும் போன் உள்ள ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் இந்தப் பிரிப்பு. சென்ட்ரலில் முதலில் போய்ச் சேர்பவர்கள் முன்வாசலைவிட்டு நகரவே கூடாது என்று பேசிக்கொண்டோம்.

போகிற வழியில் பெரியப்பா கேட்டார், "ஒரே ஊர்ல எதுக்குடா ரெண்டு ஸ்டேஷன், ஒண்ணாவே கட்டியிருக்கலாம்ல?" எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டும் ஒரே கம்பெனி கட்டியது இல்லை. சென்ட்ரல் 1873இல் வந்தது, மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை வண்டிகளுக்காக. எழும்பூர் 1908இல் திறந்தது, தெற்கே போகும் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டிகளுக்காக. தண்டவாளத்தின் அகலமே வேறு என்பதால் மதுரை வண்டி நினைத்தாலும் சென்ட்ரலுக்குள் நுழைந்திருக்க முடியாது. 1951இல் தென்னக ரயில்வே என்று எல்லாம் ஒன்றான பிறகும், பிறகு தெற்குப் பாதை அகலப்பாதையாக மாறிய பிறகும், தெற்கு வண்டிக்கு எழும்பூர், வடக்கு வண்டிக்குச் சென்ட்ரல் என்பது பெரும்பாலும் அப்படியே இருந்துவிட்டது. பெரியப்பா மீட்டர் கேஜில் மெட்ராஸ் வந்தவர். அந்தப் பெட்டிகள் எவ்வளவு குறுகலாக இருக்கும் என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கம் வெள்ளையாக ரிப்பன் மாளிகை வந்துவிட்டது. அடுத்தது சென்ட்ரல்.

சென்ட்ரலில் ஒரு பெரிய ஆறுதல், படி கிடையாது. தண்டவாளங்கள் அங்கேயே முடிந்துவிடுவதால், முன்கூடத்திலிருந்து எந்த நடைமேடைக்கும் சமதளமாகவே நடந்து போகலாம். பெரியம்மாவிடம் "இனிமே ஏற்றமே இல்ல பெரியம்மா" என்று சொன்னபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஆனால் அதே காரணத்தால் நடை அதிகம். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒரே திசையில் நீண்டு நிற்கும். நம் பெட்டி இன்ஜின் பக்கம் இருந்துவிட்டால் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதனால் பேரனை முன்னால் அனுப்பி, பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவரச் சொல்லிவிட்டு மற்றவர்களை உட்காரவைத்தேன். தெரிந்தபிறகு ஒரே நடையாக, மெதுவாகப் போனோம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு பேட்டரி கார் உண்டு. பெரியம்மா "மெல்ல நடந்தே வாரேன்" என்றதால் தேடவில்லை. ஆறரைக்கெல்லாம் எல்லாரும் இருக்கையில். அத்தை சீட்டுக்கு அடியில் குனிந்து ஒருமுறை எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது கதை வேறு. கோரமண்டல் சென்னைக்கு வருவது மாலை ஐந்து மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆட்டோவில் ஏறினால் எப்போது எழும்பூர் போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. பாண்டியன் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் என்பதால் நேரம் தாராளம். அரிசியும் அருவாமனையும் கரக்பூரிலேயே தங்கிவிட்டன, மூட்டை பாதியாகக் குறைந்திருந்தது. அதனால் இந்த முறை மெட்ரோ.

சென்ட்ரல் மெட்ரோ ஆழமான நிலையம். நீலத் தடமும் பச்சைத் தடமும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. நகரும் படிக்கட்டின் முன் வந்ததும் பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். ஒரு காலை முன்னால் வைக்கிறார், படி நகர்ந்து பிரிவதைப் பார்த்ததும் பின்னால் எடுக்கிறார், சேலைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "நான் இதுல ஏற மாட்டேம்ப்பா" என்றார். அந்த இடத்தில் தைரியம் சொல்லி ஏற்றிவிட முயலவே கூடாது, பின்னால் வருகிறவர்கள் நெருக்க ஆரம்பித்தால் விழுந்துவிடுவார்கள். லிப்ட் இருக்கிறது. கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட் காட்டித் திறக்கும் கதவில் ஆட்களை வரிசைப்படுத்துவது முக்கியம். பேரன் முதலில் போய் அந்தப் பக்கம் நின்று கைகொடுத்தான், நான் கடைசியில் நின்று ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் காட்டிவிட்டேன். ஒருவர் முழுதாகக் கடந்த பிறகே அடுத்தவர். நாம் முதலில் உள்ளே போய்விட்டால் வெளியே மாட்டிக்கொண்டவருக்கு உதவ முடியாது.

பச்சைத் தடத்துக்குச் சென்ட்ரல்தான் முனை. அந்த நடைமேடையிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் அடுத்தது எழும்பூர், திசை தவற வாய்ப்பே இல்லை. ஒரே ஒரு நிறுத்தம் என்பதால் யாரும் உள்ளே போய் உட்கார வேண்டாம், கதவுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். உட்கார்ந்துவிட்டால் எழுந்து வருவதற்குள் கதவு மூடிவிடும். பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் எழும்பூர் வந்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம், இன்னும் நாலு ஸ்டேஷன் போயிருக்கலாம் என்றார். மேலே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைக் காத்திருப்போர் கூடத்தில் வைத்துச் சாப்பிட்டோம். வண்டி வரும்வரை பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

குழந்தையின் பிறந்தநாளுக்கு மறுபடி போகப்போகிறார்கள். பாண்டியனில் வந்து அன்று காலையே கோரமண்டலைப் பிடிப்பது வேண்டாம், அந்த இரண்டு மணி நேரத்தை நம்பி இவர்களை அலையவிட எனக்கு மனசில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முந்தின நாள் வைகை எக்ஸ்பிரஸில் பகலிலேயே எழும்பூர் வந்து, ராத்திரி எங்கள் வீட்டில் படுத்து, காலையில் நிதானமாகச் சென்ட்ரல் போவதாக ஏற்பாடு. அப்படியே டிக்கெட்டும் போட்டாயிற்று. இந்தத் தடவை மூட்டையில் என்ன கொண்டுவரப் போகிறார்கள் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை, வரும் ஞாயிறன்று போன் செய்து கேட்க வேண்டும்.