பழைய ரோடு சைக்கிள்: விலை பேசுவதற்கு முன் நான் பார்ப்பவை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட எஃகு ரோடு சைக்கிள்கள் இன்றும் வீட்டுக் கொட்டகைகளிலிருந்து விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நாட்டிங்ஹாமில் ராலே, பர்மிங்ஹாமில் டாவ்ஸ், வொர்க்சாப்பில் கார்ல்டன் என்று சைக்கிள் தொழிற்சாலைகள் அருகருகே இருந்த வட்டாரம் இது என்பதால், தேடுபவருக்குக் குறைவே இல்லை. ஆனால் கேட்கப்படும் விலைக்கும் வண்டியின் உண்மையான நிலைக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. பெயின்ட் பளபளக்கும் வண்டிக்கு 300 பவுண்டு கேட்பார்கள். தூசி படிந்து, டயர் வெடித்துக் கிடக்கும் நல்ல வண்டியை 60 பவுண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். பல வண்டிகளைப் பார்த்து, சிலவற்றைக் கழற்றியும் பார்த்த பிறகு, ஃபிரேம் நேராக இருக்கிறதா, கழல வேண்டியவை கழல்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் விலை பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மற்ற குறைகள் எல்லாம் பணத்தாலோ பொறுமையாலோ தீரக்கூடியவை.

முதலில் கையை வைக்க வேண்டிய இடம், ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் மேல் குழாயும் கீழ்க் குழாயும் தலைக்குழாயோடு (ஃபோர்க்கின் தண்டு செல்லும் முன்புறக் குழாய்) சேரும் மூட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், அந்த இரு குழாய்களின் அடிப்புறம். வண்டி எப்போதாவது எதிலாவது நேராக மோதியிருந்தால் அந்த இடத்தில்தான் எஃகு மடங்கும். மடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக இருக்கலாம். விரல் நுனியை மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் தோலுக்குத் தெரிந்துவிடும். நீல நிற ராலே ஒன்றில் இதைத் தெளிவாக உணர்ந்தேன். பெயின்ட் விரிசல் விடவில்லை, பார்வைக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் கீழ்க் குழாயின் அடியில் மூட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி ஒரு மெல்லிய மேடும் அதை ஒட்டி ஒரு பள்ளமும் இருந்தன. பிறகு பக்கவாட்டில் நின்று பார்த்தபோது ஃபோர்க்கின் மேல்பகுதி தலைக்குழாயின் கோட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளியிருந்தது. ஃபோர்க் கீழே முன்னோக்கி வளைவது இயல்பு. அந்த வளைவு தொடங்கும் இடம் வரை அது தலைக்குழாயோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு அடையாளங்களும் ஒன்றையே சொன்னதால் அந்த வண்டியை விட்டுவிட்டேன். விற்றவர் நல்ல மனிதர். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பின்பகுதி நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இடது பிளவில் நூலின் ஒரு முனையைக் கட்டி, அதைத் தலைக்குழாயின் முன்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, வலது பிளவில் இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது சீட்டுக் குழாயின் இரு புறமும் நூல் செல்லும். நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால், ஃபிரேம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. எஃகு ஃபிரேமை அந்த அளவுக்கு நிமிர்த்திக்கொள்ளலாம். ஐந்தாறு மில்லிமீட்டர் என்றால் காரணம் கேட்பேன். நூலும் அளவுகோலும் சட்டைப் பையில் அடங்கும் என்பதால், விற்பவர் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துவிடலாம், அவர் அனுமதித்தால். அனுமதிக்காதவரிடம் வாங்குவதில்லை.

அடுத்தது சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் தண்டு. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிப்பார்வைக்கு மிக அழகான வண்டிகளை நான் தவிர்த்ததற்கு அதிகமும் இதுவே காரணம். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய சீட் போஸ்ட் பல ஆண்டுகள் கிரீஸ் இல்லாமல் நின்றால், ஈரமும், குளிர்காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் தூவப்படும் உப்பும் சேர்ந்து, இரு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பை உண்டாக்குகின்றன. அரிக்கப்படுவது அலுமினியம். அதிலிருந்து உண்டாகும் வெள்ளை ஆக்சைடு, தான் தோன்றிய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், போஸ்ட் குழாய்க்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்கலாம். காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தைக் கரைக்கலாம், ஆனால் அது கண்ணையும் தோலையும் எரிக்கக்கூடியது, வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. ரம்பத்தால் உள்ளிருந்தே நெடுக்காக அறுத்தும் எடுக்கலாம். எல்லாமே செய்யக்கூடியவைதான். ஆனால் குழாய் கெடாமல் போஸ்ட் வெளிவரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பும்போது போஸ்ட் அசையாவிட்டால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் நான் வாங்குவதில்லை. ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டான ஸ்டெம்முக்கும் இதே சோதனைதான்.

போஸ்ட் வெளியே வந்துவிட்டால் இன்னொரு நன்மை உண்டு. அதன் அடியில் பெரும்பாலும் விட்டம் முத்திரையிடப்பட்டிருக்கும், அந்த எண் ஃபிரேமின் குழாயைப் பற்றிப் பேசும். ரெனால்ட்ஸ் 531 என்பது பர்மிங்ஹாமில் 1935இல் அறிமுகமான மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய். முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்கு அதே நிறுவனம் 1897லேயே காப்புரிமை பெற்றிருந்தது. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 531 ஒட்டுத்தாளை மட்டும் நம்பக் கூடாது. அச்சு அசலான புதிய ஒட்டுத்தாள்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. ஒட்டுத்தாள் உண்மையானதாகவே இருந்தாலும், மூன்று முக்கியக் குழாய்களுக்கு மட்டும் உறுதி தருவதும் ஃபோர்க், பின் குழாய்கள் உட்பட எல்லாவற்றுக்கும் தருவதும் வேறு வேறு என்பதால், அதிலுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். 27.2 மி.மீ. போஸ்ட் தளர்வும் இறுக்கமும் இல்லாமல் உட்காருமானால் அது மெல்லிய, உயர்தரக் குழாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, 25.4 மி.மீ. போன்ற சிறிய அளவு என்றால் தடித்த, சாதாரண எஃகு என்று கொள்ளலாம். பின் அச்சுப் பிளவுகள் தகட்டில் வெட்டியவையா, காய்ச்சி அடித்தவையா என்பதும் இதே கதையைச் சொல்லும்.

சென்னை வாசகர்களுக்கு இங்கே ஒரு தொடர்பைச் சொல்லத் தோன்றுகிறது. ரெனால்ட்ஸ் 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தின் பகுதி; 1960இல் ராலேயும் அக்குழுமத்தோடு இணைந்தது. 1949இல் முருகப்பா குழுமம் இதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். நம் தெருக்களில் ஓடிய ஹெர்குலிஸும் இந்த 531 பந்தய வண்டிகளும் ஒரே குழுமத்தின் வேறு வேறு கிளைகளில் பிறந்தவை.

பிரெஞ்சு வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்னார் தெவனே 1975லும் 1977லும் டூர் தெ பிரான்ஸை வென்றது பெஷோ அணியில். அந்தப் புகழால் வெள்ளை நிற பெஷோ வண்டிகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அக்காலப் பிரெஞ்சு வண்டிகளில் மரையளவுகள் தனி. பெடல் 14 மி.மீ., பி.பி. (பெடல் கிராங்குகளின் அச்சு சுழலும் பகுதி) கப் 35 மி.மீ. விட்டத்துக்கு 1 மி.மீ. மரை, ஸ்டெம் 22.2க்குப் பதில் 22.0 மி.மீ. உள்ளே இருக்கும் பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம். தேய்ந்திருந்தால் மாற்றுப் பாகம் தேடும் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு கார்ல்டன். ஃபிரேம் எண் டபிள்யூ எழுத்தில் தொடங்குவதால் வொர்க்சாப்பில் செய்யப்பட்டது என்றும், இரண்டாம் எழுத்துக்குப் பின் வரும் இலக்கம் 6 என்பதால், பாகங்களின் காலத்தோடும் பொருத்திப் பார்த்து, 1976ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றும் கொள்கிறேன். திருட்டு வண்டியல்ல என்பதை அறிய, அந்த எண்ணை பைக் ரெஜிஸ்டர் பட்டியலில் சரிபார்த்தேன். நூல் சோதனையில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர், போஸ்ட் 27.2, சிறிது முனகிவிட்டுக் கழன்றது. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மேலாக ஒரு பழுப்புப் படலம் மட்டுமே இருந்தது, செதிலாக உதிரும் துரு இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினேன். நேர்நிலையில் எங்கும் சிக்கி நிற்காததால் ஸ்டியரிங் கப்புகளில் பள்ளம் விழவில்லை என்று தெரிந்தது. செயினை அளவுகோலால் அளந்தேன். புதிய செயினில் 12 அங்குலத்தில் பின்கள் அளவுகோலின் கோடுகளோடு அப்படியே பொருந்தும். இதில் 1/8 அங்குலம் நீண்டிருந்தது. ஆகவே செயினோடு ஃப்ரீவீலும் (பின் சக்கரப் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கும் என்று கணக்கில் எடுத்தேன். கியர் மாற்றும் பாகங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. கியருக்குக் கியர் ‘கிளிக்’ என்று நிற்கும் படியில்லாத லீவர் என்பதால் கையாலேயே சரிசெய்து ஓட்டிவிடலாம். பிரேக் கம்பி, பிரேக் கட்டை, டயர், ட்யூப், செயின், ஃப்ரீவீல் எல்லாம் புதிதாக வேண்டும் என்பதை விற்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் கேட்ட 160 பவுண்டுக்குப் பதில் 110 பவுண்டு கொடுத்தேன்.

வீட்டில் முதலில் திறந்தது பி.பி. பகுதியைத்தான். ராலேயின் நாட்டிங்ஹாம் வண்டிகள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் 24. 26 மரைக்குப் பொருந்தும் கப் இன்று எளிதில் கிடைப்பதில்லை. பி.பி. உட்காரும் ஃபிரேம் கூட்டின் அகலம் 71 மி.மீ. என்றால் 26 மரையாகவும், 68 என்றால் 24 மரையாகவும் இருக்கும் என்பதால், வாங்கும் முன்பே அளந்து 68 என்று உறுதி செய்திருந்தேன். வலப்புறக் கப் இடது மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். பழைய கிரீஸ் மெழுகுபோல் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபின் கப்புகளின் ஓட்டம் கண்ணாடிபோல் தெரிந்தது. அச்சின் இடப்பக்கத்தில் மட்டும் குண்டுகள் உருளும் தடத்தில் ஊசி முனை அளவுக் குழிகள் வரிசையாக இருந்தன. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. அச்சை மாற்றி, பக்கத்துக்குப் பதினொன்றாக 22 புதிய கால் அங்குலக் குண்டுகளைப் போட்டு, புது கிரீஸ் வைத்து, ஆட்டமும் இறுக்கமும் இல்லாத நிலையில் பூட்டினேன். கிராங்கைக் கையால் சுழற்றிவிட்டால் இப்போது சத்தமின்றிச் சுற்றி, எடை கூடிய பக்கம் கீழே வந்து நிற்கிறது.

எஞ்சியிருப்பது சக்கரம். இரு ரிம்களிலும் காந்தம் ஒட்டுகிறது, அதாவது குரோம் பூசிய எஃகு. மழையில் எஃகு ரிம்மை பிரேக் கட்டை சரியாகப் பிடிப்பதில்லை. ஆண்டில் பாதி நாள் சாலை நனைந்திருக்கும் இந்த ஊரில் அதை ஓட்ட எனக்கு மனமில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புகள் 36 துளையுள்ளவை, அவற்றில் குண்டுகள் உருளும் கோன்கள் வழுவழுப்பாக இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு அலுமினிய ரிம்மில் சக்கரம் கோக்கப் போகிறேன். பின் ஹப்பின் அகலம் 120 மி.மீ.யாகவே இருக்கும் என்பதால் ஃபிரேமை விரிக்கத் தேவையில்லை, ஐந்து பல்சக்கர ஃப்ரீவீலே தொடரும். இப்போதுள்ள 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ.; 700சி என்ற அளவு ரிம்மில் 622. பிரேக் கட்டை நான்கு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் போதும், வைன்மான் பிரேக்கின் பிளவில் இன்னும் ஆறு மில்லிமீட்டர் இடம் இருப்பதை அளந்துவிட்டேன். ஆகவே டயர் அதிகம் கிடைக்கும் 700சியையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். ரிம் இரண்டும் ஸ்போக் 72உம் வந்து சேர்ந்ததும் முன் சக்கரத்தை முதலில் கோத்துக் கோட்டம் எடுத்துப் பழகி, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸ்போக் இழுவை வேறுபடும் பின் சக்கரத்தை அதற்குப் பிறகு தொடங்குவேன்.