ஆரஞ்சுத் தோலின் ஆவி துகளாகும் விதம்: மீன் தொட்டியில் செய்து பார்த்தவை

மரங்களும் பழத்தோல்களும் வெளிவிடும் வாசனை ஆவி, காற்றில் உள்ள ஓசோனுடன் வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத கரிமத் துகள்களாக மாறுகிறது. மேகத் துளிகள் உருவாவதற்கு வித்தாக அமையும் துகள்களில் ஒரு பகுதி இப்படிப் பிறந்தவையே. இந்த மாற்றத்தை வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு எந்த அளவுக்குக் காண முடியும் என்று அறியவே இந்தச் சோதனைகளைத் தொடங்கினேன். இதுவரை எட்டிய நிலையை இங்கே பதிவு செய்கிறேன்.

வினை நிகழும் அறையாக இரண்டடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். மேற்புறத்தைக் கண்ணாடிப் பலகையால் மூடி, விளிம்புகளில் டேப் ஒட்டி, மூன்று குழாய்களை மட்டும் உள்ளே விட்டிருக்கிறேன். முதல் குழாயில் மீன் தொட்டிப் பம்பின் காற்று, நுண்துகள்களைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டியின் வழியாக வருகிறது. இரண்டாவதில் காய்கறி கழுவுவதற்கென விற்கப்படும் சிறு கருவியிலிருந்து ஓசோன் வருகிறது. மூன்றாவது மாதிரிக் காற்றை எடுப்பதற்கானது. ஓசோன் சாதாரண ரப்பரில் வெடிப்பு உண்டாக்கும் என்பதால் எல்லாக் குழாய்களும் சிலிக்கோனால் ஆனவை. உள்ளே ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையுடன் இணைத்த லேசர்த் துகள் சென்சார் ஒன்று இருக்கிறது. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு செய்வது. இந்த வினையில் ஃபார்மால்டிஹைடும் விளைகிறது. ஆகவே அனைத்தையும் திறந்த மொட்டைமாடியில் வைத்தே செய்கிறேன். மூடிய அறையில் இதை யாரும் செய்யக் கூடாது.

ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற சேர்மமே. தோலைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தால் எண்ணெய்த் துளிகள் தெறித்து, அவையே துகள்களாக எண்ணப்பட்டுவிடும். அதனால் வெளியில் பஞ்சில் பிழிந்து, அந்தப் பஞ்சை மட்டும் உள்ளே வைக்கிறேன். முதலில் ஒப்பீட்டுச் சோதனைகள்: வடிகட்டிய காற்றில் பஞ்சு மட்டும் இருந்தபோதும், ஓசோன் மட்டும் இருந்தபோதும் சென்சாரின் எண்ணிக்கை ஏறவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. வெயில் தேவைப்படவில்லை, இரவிலும் அதே விளைவுதான்.

லிமோனீன் மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் அவற்றில் ஒன்றைத் தாக்கிப் பிளக்கும்போது மூலக்கூறுடன் ஆக்சிஜன் சேர்கிறது. உடன்விளைவாக ஹைட்ராக்சில் என்ற, எளிதில் வினைபுரியும் தனி உறுப்பும் (radical) பிறந்து, அதுவும் எஞ்சிய ஆவியைத் தாக்குகிறது. விளைபொருள்களில் ஒரு பகுதி இதைவிட வியப்பான வழியில் செல்கிறது: மூலக்கூறு தன் உடலிலிருந்தே ஒரு ஹைட்ரஜனை இடம் மாற்றி, அந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, மீண்டும் அதையே செய்து, சில நொடிகளில் ஆக்சிஜன் மிகுந்த கனமான சேர்மமாகிவிடுகிறது. 2014-இல் விரிவாக நிறுவப்பட்ட இந்தச் சுய ஆக்சிஜனேற்றத்தில் விளையும் சேர்மங்களின் ஆவியழுத்தம் மிகக் குறைவு. எங்காவது ஒட்டிக்கொண்டால் அவை மீண்டும் ஆவியாவது அரிது. வெளிக்காற்றில் ஓசோன் நூறு கோடியில் 50 பங்கு இருந்தால் லிமோனீனின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தொட்டிக்குள் ஓசோன் பல மடங்கு மிகுதி என்பதால் எல்லாம் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

அந்தச் சேர்மம் எதில் ஒட்டிக்கொள்கிறது என்பதில்தான் என் ஆர்வம் நிலைத்துவிட்டது. ஊதுவத்திப் புகை சிறிது கலந்த காற்றைத் தொட்டியில் நிரப்பி அதே வினையை நடத்தியபோது, ஓசோன் சேர்ந்த சிறிது நேரத்திலேயே சென்சாரின் பெரிய அளவுப் பிரிவுகளில் எண்ணிக்கை கூடியது. ஏற்கனவே இருந்த துகள்கள்மீது ஆவி படிந்து அவை பருத்தன. வடிகட்டிய காற்றிலோ சென்சார் தொடக்கத்தில் எதையும் காட்டவில்லை. இவ்வகைச் சென்சார் 0.3 மைக்ரோமீட்டருக்கு (300 நானோமீட்டர்) குறைவான துகளை எண்ணாது. புதிதாகப் பிறக்கும் துகளோ சில நானோமீட்டர் அளவே உள்ளது. சென்சார் மௌனமாக இருந்தால் துகள் இல்லை என்று பொருளாகாது.

இதைச் சரிபார்க்க 19-ஆம் நூற்றாண்டின் முறை ஒன்றைக் கையாண்டேன். தூசு நீக்கிய ஈரக்காற்றைத் திடீரென விரிவடையச் செய்து குளிர்வித்தாலும் மூடுபனி தோன்றாது என்பதை 1875-இல் பிரான்சில் கூலியேயும், அவரை அறியாமலே 1880-இல் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கனும் கண்டறிந்தனர். குளிர்பானப் பாட்டிலில் சிறிது நீர் விட்டு, வடிகட்டிய காற்றால் அலசி, மூடி, கையால் அழுத்திவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். டார்ச் ஒளியில் உள்ளே தெளிவாகவே இருந்தது. அதே பாட்டிலில் தொட்டியின் காற்றை, சென்சார் இன்னும் வெறுமையைக் காட்டிக்கொண்டிருந்த வேளையில், இழுத்து அதையே செய்தபோது பாட்டில் முழுதும் வெண்பனி பரவியது. இந்தச் சோதனைகளில் என்னை மிகவும் மகிழ்வித்த காட்சி இதுவே. விலை கொடுத்து வாங்கிய கருவிக்குத் தெரியாததைத் தூக்கி எறிய வைத்திருந்த பாட்டில் காட்டியது.

பிறகு துகள்கள் வளர்வதைத் தொட்டியிலேயே காண முடிந்தது. பின்னால் கறுப்புத் துணி கட்டி டார்ச் ஒளியைச் செலுத்தியபோது, ஒளிக்கற்றை முதலில் மங்கிய நீலமாகத் தெரிந்து, பின்னர் வெண்மையானது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள் நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும். காடுகளுக்கு மேல் தெரியும் நீல மூட்டத்துக்கு மரங்களின் ஆவியே காரணம் என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1960-இல் வாதிட்டது நினைவுக்கு வந்தது. வெண்மை தோன்றிய அளவில் சென்சாரும் எண்ணத் தொடங்கியது.

கந்தக அமிலத்தின் துணையின்றி, மர ஆவியின் விளைபொருள்கள் தாமாகவே துகளாகத் திரள முடியும் என்பதை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் துகள்கள் பிறப்பதை ஆராயும் கிளவுட் அறை 2016-இல் காட்டியது. அது 26 கனமீட்டர் கொள்ளளவுள்ள, மிகத் தூய்மையான எஃகு அறை. என் தொட்டியில், கந்தக அமிலமாக மாறக்கூடிய கந்தக டைஆக்சைடு அறவே இல்லை என்று சொல்ல வழியில்லை; ஹெப்பா துகளைத் தடுக்குமே தவிர வாயுவைத் தடுக்காது. ஆகவே இந்தச் சோதனை அந்த முடிவை உறுதிப்படுத்துவதாக நான் கூறவில்லை.

பாட்டில் பனியை மேகத்துக்கு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. உண்மை மேகத்தில் ஈரப்பதம் தெவிட்டுநிலையை (100 விழுக்காட்டை) மீறுவது பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே. அங்கே ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுக்கு வளர்ந்த, நீரை ஏற்கும் இயல்புள்ள துகளே துளியாகிறது. கையால் அழுத்தி விடும்போது ஏற்படும் திடீர்க் குளிர்ச்சி அந்த அளவை வெகுவாகத் தாண்டுவதால், பாட்டில் நல்லது கெட்டது பாராமல் ஏறக்குறைய எல்லாத் துகளையும் துளியாக்கிவிடுகிறது.

மேகத் துளிக்குள்ளேயே கரிமத் துகளுக்கான பொருள் உருவாவதும் உண்டு: கிளையாக்சால் போன்ற சிறு மூலக்கூறுகள் நீரில் கரைந்து, அங்கே ஆக்சாலிக் அமிலமாக மாறி, மழையாகாமல் துளி உலரும்போது துகளில் தங்கிவிடுகின்றன. அதைப் பிரித்தறியும் வசதி என்னிடம் இல்லை. அடுத்ததாக, ஈரக்காற்றிலும் உலர்ந்த காற்றிலும் அதே வினையை நடத்தி ஒப்பிட எண்ணியிருக்கிறேன். ஈரத்தால் துகள் ஊதிப்போய் சென்சார் மிகையாகக் காட்டும் என்பதால், மாதிரிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி ஒன்றை இப்போது பொருத்திக்கொண்டிருக்கிறேன்.